சுமைக்காரியின் கடைசி இதழ்

ஜூன் 4

அன்புள்ள அண்ணிக்கு,

நான் என்று தெரிந்தால் போனை எடுக்க மாட்டீர்கள் என்று அண்ணன் சொன்னார். அதனால் கடிதம். என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போடாமல் இந்த வரி வரை வந்துவிட்டீர்கள் என்றால் மீதியையும் படித்துவிடுங்கள். நல்ல செய்திதான்.

நம்முடைய சுமைக்காரி புத்தகமாக வரப்போகிறாள். பதினெட்டு படக்கதை இதழ்களும் ஒரே தொகுப்பாக. சாணித்தாளில் அச்சாகி, ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்து, பழைய புத்தகக் கடையில் கட்டுக்கட்டாகக் கிடந்தவள், துணி ஒட்டிய கெட்டி அட்டையும் தடித்த வெள்ளைக் காகிதமும் தனிப் பெட்டியுமாக வரப்போகிறாள். நீங்கள் படம் போட்ட மூல அட்டை என்ன அளவோ அதே அளவில் ஒவ்வொரு பக்கமும் இருக்கும். மடியில் வைத்துப் படித்தால் கால் மரத்துப்போகும் என்று பதிப்பாளரே சொல்கிறாள்.

அவள் சின்ன வயசுக்காரி. பள்ளிக்கூடத்தில் கணக்குப் புத்தகத்துக்குள் ஒளித்துவைத்து நம் இதழ்களைப் படித்தவளாம். எனக்கு எதிரே உட்கார்ந்து நம் கதையை எனக்கே சொன்னாள். சுமையோடு மாடி ஏறுகிறாள் என்பதால் கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டிய மூன்றாம் இதழ். வில்லன் எடைக்காரன் வாயைத் திறந்தாலே பேச்சுக் குமிழ் கனத்துப்போய், கட்டத்தைக் கிழித்துக்கொண்டு அடுத்த கட்டத்தில் இருப்பவன் தலையில் விழும் ஒன்பதாம் இதழ். ஒரு வார்த்தைகூட இல்லாமல் ஒரே கட்டடம் பக்கத்துக்குப் பக்கம் உயர்ந்துகொண்டே போகும் இதழ். எல்லாம் மனப்பாடம். "எல்லா சூப்பர் ஹீரோவும் அடிக்கிறாங்க. உங்க ஆள் மட்டும்தான் கடைசி வரைக்கும் யாரையும் ஒரு அடிகூட அடிக்கல, தூக்குறா, அவ்வளவுதான்" என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. வெளியே மட்டும், இதெல்லாம் தினமும் கேட்கிற பேச்சுதான் என்பது போல முகத்தை வைத்துக்கொண்டேன்.

அட்டையில் அதே பழைய வரிதான்: கதை நாத்தனார், ஓவியம் அண்ணி. நிஜமாகவே நீங்கள் என் அண்ணன் மனைவி என்று சொன்னால் அவளும் நம்பவில்லை. அப்படி இரண்டு பேர் சேர்ந்து பதினெட்டு இதழ் செய்திருக்கவே முடியாதாம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். கடைசி இதழ்.

நான் எழுதியது உங்களுக்கு நினைவிருக்கும். எடைக்காரன் தொட்டதில் பாலம் கனத்து உட்காரப் பார்க்கிறது. மேலே ஊரே நிற்கிறது. சுமைக்காரி ஆற்றுச் சேற்றில் இறங்கி, பாலத்தைத் தலையில் தாங்குகிறாள். கடைசி ஆள் கடந்ததும் பாலம் அவள்மேல் இறங்கிவிடுகிறது. நீங்கள் பாலத்தை வரைந்தீர்கள், ஊரை வரைந்தீர்கள், ஆற்றை வரைந்தீர்கள். அவளை மட்டும் வரையவில்லை. இருபத்துநாலு பக்கமும் பாலம் சும்மா ஆகாயத்தில் நிற்கிறது. அச்சகம் காத்திருக்காது என்று அப்படியே போட்டுவிட்டார்கள். அதோடு இதழும் நின்றது, நம் பேச்சும் நின்றது.

இந்தப் பதிப்பிலாவது அது முழுசாக வர வேண்டும். நீங்கள் அவளை வரைந்து சேர்க்க வேண்டும். முடியாது என்றால், உங்கள் கோட்டை அச்சு அசலாகப் போடுகிற ஓவியர் ஒருவர் இருக்கிறார், அவரை வைத்து முடிக்கலாம் என்கிறாள் பதிப்பாளர். நாம் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டால்தான் புத்தகம். எடுத்த எடுப்பில் முடியாது என்று எழுதிவிடாதீர்கள்.

உங்கள்
நாத்தனார்

---

ஜூன் 15

நாத்தனாருக்கு,

முடியாது.

கடிதத்தைக் கிழிக்கவில்லை. உன் அண்ணன் படித்துக்காட்டுகிறேன் என்றார். அவர் படித்தால் உனக்குச் சாதகமாக ராகம் போடுவார் என்று நானே படித்தேன். போனை எடுக்காததற்குக் காரணம் கோபம் இல்லை. போனில் உன்னிடம் பேசி நான் ஜெயித்ததே கிடையாது. வசனம் எழுதிச் சம்பாதிக்கிறவள் நீ. கடிதம் என்றால் எனக்கும் யோசிக்க நேரம் கிடைக்கிறது.

புத்தகம் வருவதில் சந்தோஷம். பொய் சொல்வானேன், இரண்டு நாளாகக் கால் தரையில் படவில்லை. பாடப்புத்தகத்துக்குத் தவளையின் குடலை வரைந்துகொண்டிருந்தேன். அது பாட்டுக்குக் கிடக்கட்டும் என்று எழுந்துபோய், அலமாரியில் உன் அண்ணன் சட்டைகளுக்குக் கீழே இருந்த மூலப்படங்களை எடுத்துப் பார்த்தேன். நன்றாகத்தான் செய்திருக்கிறோம். நானே சொல்லிக்கொள்ளக் கூடாது, ஆனால் வேறு யார் இருக்கிறார்கள் சொல்ல.

கடைசி இதழைப் பற்றி நீ எழுதியதில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. அந்தக் கதை எனக்குத் தபாலில் வந்தது. அதற்கு முந்தின வாரம் நீ இங்கே வந்து, சாப்பிட்டு, என் மேசைமேல் காலைப் போட்டுக்கொண்டு நாள் முழுக்கப் பேசிவிட்டுப் போனாய். அவளைக் கொல்லப்போகிறாய் என்று ஒரு வார்த்தை சொன்னாயா? உறையைப் பிரித்துத்தான் நான் தெரிந்துகொண்டேன். பதினேழு இதழ் அவளை வரைந்தவளுக்குத் துக்கச் செய்தி தபாலில் வந்தது.

அவள் கழுத்து யாருடையது என்று உனக்கு மறந்துவிட்டதா? தண்ணீர் கேனைத் தலையில் வைத்து மாடிப்படியில் உன்னை ஏற இறங்க விட்டு, நான் கீழ்ப்படியில் உட்கார்ந்து வரைந்த கழுத்து அது. ஒவ்வொரு இதழிலும் அந்த நரம்பை வரைந்தபோது உன்னைத்தான் வரைந்தேன். அதன்மேல் ஒரு பாலத்தை இறக்க என் கை வரவில்லை. இனியும் வராது.

என் கோட்டை அச்சு அசலாகப் போடுகிறவர் அவருடைய சொந்தக் கோட்டைப் போட்டுப் பிழைக்கட்டும். அவர் கை அவள்மேல் பட்டால் நான் கையெழுத்துப் போட மாட்டேன். மூலப்படங்களை வந்து எடுத்துப்போகச் சொல். அப்படியே அச்சிடுவதாக இருந்தால் மட்டும்.

அண்ணி

---

ஜூலை 9

அன்புள்ள அண்ணிக்கு,

கழுத்து என்னுடையது என்றால், அதை நசுக்குகிற உரிமையும் எனக்குத்தானே?

கோபித்துக்கொள்ளாதீர்கள். பதிப்பாளரிடம் பேசிவிட்டேன். யாரும் எதையும் வரைந்து சேர்க்கப்போவதில்லை. ஆனால் என் பக்கத்தையும் நீங்கள் கேட்க வேண்டும்.

அந்த இதழை ஊர் எப்படிக் கொண்டாடுகிறது என்று உங்களுக்குத் தெரியும். காணாமல் போன நாயகி, இன்மையின் சித்திரம் என்று கட்டுரை கட்டுரையாக எழுதுகிறார்கள். போன வருஷம் ஓர் ஆய்வு மாணவி வந்து, அவளை இல்லாமல் ஆக்கியதன் தத்துவம் என்ன என்று என்னைக் கேட்டாள். அண்ணியைக் கேளுங்கள் என்றேன். அதையும் ஒரு தத்துவம் என்று எழுதிக்கொண்டாள். எங்கே போனாலும் நான் எழுதாத ஒன்றுக்குத்தான் எனக்குக் கைகுலுக்குகிறார்கள். தொடர் நாடகத்துக்கு வசனம் எழுதி ஊரையே அழவைக்கிறேன், நான் எழுதி நானே அழுதது அந்த ஒரு கதைக்குத்தான். நான் எழுதியதிலேயே நல்லது அது. யாருமே படித்ததில்லை.

காரணமும் இருந்தது. நான் வேலைக்காக இந்த ஊருக்குக் கிளம்புகிறேன் என்று தெரிந்ததும், பழைய பதிப்பகத்தார் இதழை வேறு இரண்டு பேரிடம் கொடுக்கப் பார்த்தார்கள். அவள் கைக்கு உறை மாட்டி, மார்பில் சின்னம் குத்தி, மாதா மாதம் ஒருவனை உதைக்க விடுவதாகத் திட்டம். அப்படி ஒரு பிழைப்பு அவளுக்கு வேண்டாம் என்று நினைத்தேன். நம் கையிலேயே முடியட்டும் என்று எழுதினேன். உங்களிடம் சொல்லியிருந்தால் அழுதிருப்பீர்கள், நான் எழுதாமல் விட்டிருப்பேன்.

அதனால் இப்படி முடிவாகியிருக்கிறது. உங்கள் படங்கள் அப்படியே இருக்கும். கடைசியில் பின்னிணைப்பாக என் கதை அச்சாகும். அவள் எப்படிச் செத்தாள் என்று வாசகர்கள் தெரிந்துகொள்ளட்டும்.

மாதிரிப் பக்கங்கள் வந்துவிட்டன. அண்ணி, நீங்கள் பார்க்க வேண்டும். சாணித்தாளில் மைக்குழம்பாக இருந்த கூட்டத்தில் இப்போது ஒவ்வொருவருக்கும் முகம் இருக்கிறது. எடைக்காரனின் சட்டைப் பொத்தானில் நீங்கள் நூல்கூட வரைந்திருக்கிறீர்கள். மாதிரியைப் பார்த்ததும் அச்சக முதலாளி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார்.

ஒரே ஒரு குறை. கடைசி இதழின் மூலப்பட அட்டைகளில் அழுக்கு. பக்கத்துக்குப் பக்கம் அடியில் சின்னச் சின்னப் புள்ளியும் கறையுமாக இருக்கிறது. அண்ணன் சட்டைக்குக் கீழே வைத்தால் வேறென்ன ஆகும்? பக்கம் அமைக்கிற பெண் துடைத்துவிடட்டுமா என்று கேட்டாள், துடைக்கச் சொல்லிவிட்டேன். கம்ப்யூட்டரில்தான், உங்கள் அட்டைமேல் யாரும் கை வைக்கவில்லை. இரண்டு மூன்று நாளில் எல்லாம் பளிச்சென்று ஆகிவிடும்.

உங்கள்
நாத்தனார்

---

ஜூலை 12

அது அழுக்கு இல்லை.

துடைப்பதை உடனே நிறுத்தச் சொல். துடைத்ததைத் திரும்பக் கொண்டுவரச் சொல். பிறகு இருபத்துநாலு பக்கத்தையும் தரையில் வரிசையாகப் பரப்பு. பாலத்தைப் பார்க்காதே, பாலத்துக்குக் கீழே பார்.

தபாலை நம்பவில்லை. உன் அண்ணன் கையில் கொடுத்து அனுப்புகிறேன். அவருடைய சட்டைகளை அவரே துவைத்து அவரே மடித்து வைக்கிறார். அழுக்கு என்று நீ எழுதியதில் அவருக்கும் கோபம்தான்.

அண்ணி

---

ஜூலை 13

அன்புள்ள அண்ணிக்கு,

அண்ணன் இன்னும் இங்கேதான் இருக்கிறார். திரும்பிப் போகும்போது இதைக் கொண்டுவருவார்.

அச்சகத்துக்கே நேராக வந்துவிட்டார். உட்காரக்கூட இல்லை. "முதல்ல இதைப் படி, அப்புறம் என்கிட்ட பேசு" என்று உங்கள் கடிதத்தை நீட்டினார். படித்ததும் உள்ளே ஓடினேன். அந்தப் பெண் பாதிப் பக்கங்களுக்குமேல் துடைத்து முடித்திருந்தாள். நல்ல வேளை, மூலப்படங்கள் பக்கத்து மேசையிலேயே இருந்தன. எல்லாவற்றையும் மறுபடி படியெடுத்தோம். அச்சகத்தின் நடையில், காகிதக் கட்டுகளை ஒதுக்கிவிட்டு, சுவரோரமாக வரிசையாகப் பரப்பினோம். நானும் அந்தப் பெண்ணும் முழங்காலிட்டுத் தவழ்ந்துகொண்டே பார்த்தோம். அண்ணன் பின்னாலேயே வந்தார்.

காலடித் தடம்.

முதல் பக்கத்தில் பாலத்துக்குக் கீழே சேற்றில் இரண்டே இரண்டு குழி. கணுக்கால் வரை புதைந்து, சேறு இரண்டு பக்கமும் பிதுங்கி நிற்கிறது. மேலே கூட்டம் கடக்கக் கடக்க, குழி ஆழமாகிக்கொண்டே போகிறது. விரல்கள் சேற்றைக் கவ்விப்பிடித்திருப்பதுகூடத் தெரிகிறது. பிறகு தடம் நகர்கிறது. ஒரு பக்கத்துக்கு ஓர் அடி. பாலமும் கூடவே மயிரிழை மயிரிழையாக இறங்கிக்கொண்டு வருகிறது, கரையிலிருக்கும் கருங்கல் தூண்மேல் பூப்போல உட்காருகிறது. இத்தனை வருஷமாக ஆகாயத்தில் தொங்குகிறது என்று எல்லாரும் எழுதிக்கொண்டிருந்த பாலம், அண்ணி! அது இறங்கிவிட்டது. அவள் இறக்கி வைத்துவிட்டாள்.

அதற்கப்புறம்தான் எனக்குத் தாங்கவில்லை. தடம் திரும்புகிறது. கரை ஏறுகிறது. வீடு திரும்பும் கூட்டத்தின் கால்களுக்கு நடுவே புகுந்து போகிறது. கடைசிப் பக்கத்துத் தெருவில், கடைகளைத் தாண்டி, ஈரக் கால் பட்ட அடையாளம் மட்டும். ஆழமே இல்லை. அவள் தலையில் ஒன்றும் இல்லை. சும்மா நடந்து போகிறாள்.

பதினெட்டு இதழில் அவளை நான் ஒரு தடவைகூட வெறுந்தலையோடு நடக்க விடவில்லை. சுமையை இறக்கிவைக்க வேண்டுமென்றால் அவள் சாக வேண்டும், வேறு வழி எனக்குத் தோன்றவில்லை. நீங்கள் இறக்கிவைத்து, வீட்டுக்கும் அனுப்பியிருக்கிறீர்கள். அதைத்தான் நான் அழுக்கு என்று துடைக்கச் சொன்னேன்.

அந்தப் பெண் தரையிலேயே உட்கார்ந்து அழுதாள். பதிப்பாளரைக் கூப்பிட்டுக் காட்டினோம். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஓரமாகவே நடந்து பார்த்தாள். அண்ணன், உங்கள் கணவர் என்கிற மிடுக்கில், அச்சக முதலாளிக்கு விளக்கிக்கொண்டிருக்கிறார். அவருக்கு ஏற்கெனவே தெரியுமா? கேட்டால் சிரிக்கிறார்.

நான் உங்கள் நாத்தனார் என்று சொல்லிக்கொள்ள எனக்குப் பெருமையாக இருக்கிறது. நேரில் இதைச் சொல்ல வாய் வராது, அதனால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மன்னிப்பு மட்டும் கேட்கப்போவதில்லை. கேட்டால் நீங்கள் நம்ப மாட்டீர்கள்.

ஆனால் ஒன்று. இத்தனை வருஷம் ஏன் சொல்லவில்லை?

உங்கள்
நாத்தனார்

---

ஜூலை 24

அன்புள்ள நாத்தனாருக்கு,

சொல்லிக்காட்டினால்தான் தெரியும் என்றால் அது என்ன படம்?

அந்தத் தடங்களை இருக்கிறதிலேயே மெல்லிய நிப்பால் போட்டேன். அந்தச் சாணித்தாளில் நிற்காது என்று தெரிந்திருக்க வேண்டும். அதுவரை அந்த நிப்பை நான் அட்டைப் படங்களுக்கு மட்டும்தான் எடுத்திருந்தேன், அவை வழவழப்புத் தாளில் வரும். இதழ் அச்சாகி வந்தபோது பார்த்தேன். சேறு முழுக்க ஒரே கறுப்பு. தடமும் இல்லை, விரலும் இல்லை. அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. உன் அண்ணன் மட்டும் மூலப்படத்தைப் பார்த்திருந்தார். "அவகிட்ட சொல்லட்டுமா" என்றார். கூடாது என்று சொல்லிவிட்டேன். எப்படியும் நீ சண்டைக்கு வருவாய், ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்பாய், அப்போது அலமாரியைத் திறந்து காட்டலாம் என்று இருந்தேன். நீ சண்டைக்கே வரவில்லை. பெட்டி படுக்கையோடு ஊரைவிட்டுப் போய்விட்டாய். அதற்குள் ஊர் வேறு எதையோ பார்த்துப் பாராட்ட ஆரம்பித்துவிட்டது. இப்போது போய் அங்கே ஒரு தடம் இருக்கிறது என்று சொன்னால், கேட்கிறவன் என்னைப் பார்த்துப் பாவப்படுவான். எனக்கு அது தேவையில்லை.

அவளை வேறு ஆட்களிடம் கொடுக்கப்போகிறார்கள் என்று எனக்கும் தெரியும். பதிப்பகத்திலிருந்து என்னிடமே வந்து, புது ஆட்களுக்கு மாதிரியாக அவள் உருவத்தை முன்னால் இருந்தும் பக்கத்தில் இருந்தும் வரைந்து தரச் சொன்னார்கள். நீ அவளைக் கொன்று காப்பாற்றப் பார்த்தாய். நான் ஒளித்துவைத்தேன். முகமும் உடம்பும் இருந்தால்தானே பிடித்து இழுத்துப்போய் அடிதடியில் விடுவார்கள், வெறும் தடத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வார்கள்? இரண்டு பேரும் ஒரே வேலையைத்தான் செய்திருக்கிறோம், தனித்தனியாக முகத்தைத் திருப்பிக்கொண்டு.

உன் கதையைப் பின்னிணைப்பாகப் போடு. அந்தத் தாள்கள் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. நேற்று மறுபடி படித்தேன். பாலத்துக்கு அடியிலிருந்து அவள் கடைசியாகக் கேட்பாளே, "எல்லாரும் போயாச்சா?" என்று. வேறு யாராவது எழுதியிருந்தால் அங்கே ஒரு பக்கத்துக்கு வசனம் வைத்திருப்பார்கள். நல்ல எழுத்து. அன்றைக்கே அது நல்ல எழுத்து என்று தெரிந்ததால்தான் அவ்வளவு கோபம் வந்தது.

முன்னுரையில் தடத்தைப் பற்றி மூச்சு விடாதே. பார்க்கிற கண்ணுக்குத் தெரியட்டும்.

அண்ணி

---

ஆகஸ்ட் 18

அன்புள்ள அண்ணிக்கு,

முன்னுரையில் மூச்சு விடவில்லை. ஆய்வு மாணவிக்குக்கூடச் சொல்லவில்லை, நாக்கைக் கடித்துக்கொண்டு இருக்கிறேன்.

கடைசி மாதிரி உங்களுக்கு வருகிறது. பார்த்துவிட்டு நீங்கள் சரி என்றால் அச்சு ஏறும். இரண்டு மாற்றம் செய்திருக்கிறேன். பின்னிணைப்பை எடுத்துவிட்டேன். அவள் நடந்து வீட்டுக்குப் போனபிறகு, அவள் செத்துப்போன கதையை யார் படிப்பது? இரண்டாவது, கடைசி இதழில் என் பெயர் இல்லை. கதையும் ஓவியமும் அண்ணி என்று இருக்கிறது. நான் எழுதாத கதைக்குக் கைகுலுக்கி எனக்குச் சலித்துவிட்டது. அது உங்கள் கதை, உங்கள் பெயரிலேயே இருக்கட்டும். இதை நான் வருத்தத்தில் செய்யவில்லை. மனசு நிறைந்துதான் செய்தேன்.

அடுத்த மாதம் வெளியீடு. நூலக அரங்கு, நல்ல கூட்டம் வரும் என்கிறார்கள். நீங்கள் மேடை ஏற மாட்டீர்கள், கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டுப் போய்விடுவீர்கள் என்று அண்ணன் சொல்கிறார். உங்கள் விருப்பம். நாற்காலி போட்டு வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

உங்கள்
நாத்தனார்

---

ஆகஸ்ட் 26

அன்புள்ள நாத்தனாருக்கு,

மாதிரி வந்தது. பெட்டியை மாடிக்குத் தூக்கி வந்த உன் அண்ணன், சுமைக்காரியையே சுமக்க வைத்துவிட்டீர்களே என்று மூச்சு வாங்கினார். சாப்பாட்டு மேசையைத் துடைத்து, பழைய போர்வையை விரித்து, அதன்மேல் வைத்துத் திறந்தேன். நாள் பூரா ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தேன். நடுவில் எழுந்துபோய் முகம் கழுவிவிட்டு வந்தேன். கீழ்வீட்டுக்காரியைக் கூப்பிட்டுக் காட்டினேன். இத்தனை வருஷமாக நான் தவளை மட்டும்தான் வரைவேன் என்று நினைத்துக்கொண்டிருந்தாளாம்.

கடைசி இதழுக்கு வந்தேன். உன் பெயரைக் காணோம்.

மறுபடியும் என்னைக் கேட்காமல் முடிவெடுத்திருக்கிறாய். இந்தத் தடவை நானும் உன்னைக் கேட்கவில்லை. பேனாவை எடுத்து, கதை நாத்தனார், ஓவியம் அண்ணி என்று பழைய வரியையே எழுதி, அடியில் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். பின்னிணைப்பையும் திரும்பச் சேர்க்கச் சொல்லி, பக்கம் அமைக்கிற பெண்ணுக்குப் போன் செய்தேன். ஆமாம், போன்தான். அவளிடம் பேசினால் நான் ஜெயிக்கிறேன்.

அவள் விழுந்து சாக வேண்டும் என்று நீ எழுதாமல் இருந்திருந்தால், அவளை எழுப்பி நடக்கவிட வேண்டும் என்று எனக்குத் தோன்றியிருக்குமா? பாலத்தை அவள்மேல் ஏற்றியது நீ. அந்தப் பாரம் இல்லாமல் அந்தத் தடத்துக்கு ஆழம் எங்கிருந்து வரும்? இரண்டையும் பார்க்கட்டும். எது நடந்தது என்று அவரவர் வீட்டில் சண்டை போட்டுக்கொள்ளட்டும். அவள் நம் இரண்டு பேருக்கும் பிறந்தவள். ஒருத்தி பெயரைச் சொல்லி அவளை வெளியே அனுப்ப நான் விட மாட்டேன்.

வெளியீட்டுக்கு வருகிறேன். மேடைக்கும் வருகிறேன். நாற்காலியை மட்டும் மாற்றிப் போடச் சொல், நீ என் இடது பக்கம் உட்கார வேண்டும். எனக்கு வலது காது இப்போது சரியாகக் கேட்பதில்லை. என்னைப் பற்றி நீ பெருமையடித்துக்கொள்வதை ஒரு வார்த்தை விடாமல் கேட்க வேண்டும்.

உன்
அண்ணி